டிக்கட்டின் பின்பக்கம்

(லுணுகலையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இந்த மண்டபத்துக்கு நீங்கள் ஏறி வந்த பஸ்ஸைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். குறிப்பாக, அந்த பஸ்ஸில் கொண்டக்டர் கிழித்துக் கொடுத்த துண்டுச் சீட்டைப் பற்றி. அதில் பொடி எழுத்தில் ஏதோ அச்சிட்டிருக்கும். அந்த எழுத்து நம்மைக் கட்டுமா, கட்டாதா என்பதே என் பேச்சு.

சில ஆண்டுகளுக்கு முன் தோட்டத்து அம்மா ஒருவர் என் அலுவலகத்துக்கு வந்தார். வாலிப மகன் பஸ் விபத்தில் கால் முறிந்து படுத்த படுக்கையாகக் கிடந்தான். அந்த அம்மா மடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்தார். அதற்குள் தேசிய அடையாள அட்டையின் நகல், வைத்தியசாலைத் துண்டு, அவற்றோடு நாலாக மடித்த ஒரு டிக்கட். இளஞ்சிவப்பு நிறம், இரண்டு விரல் அகலம். “ஐயா, இதுல அவுங்க பொறுப்பில்லன்னு எழுதியிருக்காம். கேசு போட்டா நிக்காதுன்னு சொல்றாங்க. குடுக்கிற காச வாங்கிக்கிட்டுப் பேசாம இருக்கச் சொல்றாங்க” என்றார். சீட்டை வாங்கி, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பின்பக்கம் சிங்களத்தில் இரண்டே வரி. பயணிகளின் பொதிகள் தொலைந்தால் பொறுப்பேற்க மாட்டோம், பரிசோதகர் கேட்டால் சீட்டைக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். மகனின் காலைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. எழுதாத ஒன்றுக்குப் பயந்து அந்தக் குடும்பம் 4 மாதம் வீட்டிலேயே இருந்திருக்கிறது.

இந்தப் பயம் சும்மா வந்ததில்லை. நம் சனத்துக்கும் டிக்கட்டுக்கும் உள்ள உறவு பழையது, கசப்பானது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ்நாட்டிலிருந்து தோட்டங்களுக்கு ஆள் கொண்டுவந்தபோது ஒவ்வொருவர் கையிலும் ஒரு தகரத்துண்டைக் கொடுத்தார்கள். எந்தத் தோட்டத்துக்குரியவர் என்பதைக் காட்டும் அடையாளமும் இலக்கமும் அதில் பொறித்திருக்கும். அந்தத் தகரத்தைக் காட்டினால் கப்பலிலும் ரயிலிலும் ஏற்றிவிடுவார்கள். கூலி காசு கொடுக்க வேண்டியதில்லை. கணக்கு தோட்டத்துக்குப் போகும், தோட்டத்திலிருந்து கங்காணி வழியாகக் கூலியின் கடனாகத் திரும்பி வரும். நம் பாட்டன்மார் கையில் முதன்முதலாக ஏறிய பயண டிக்கட் அதுதான். அவர்கள் எங்கே இறக்கப்பட வேண்டும், யாருக்குக் கடன்பட்டவர்கள் என்பது அதில் இருந்தது. வழியில் நோய் வந்தால், படகு கவிழ்ந்தால் யார் பதில் சொல்வது என்பது அதில் இல்லை.

அதோடு “துண்டும்” இருந்தது. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் கடன் தீர்ந்தால்தான் விடுவோம் என்று துரை கொடுத்த சீட்டு. 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அந்த முறையைத் தடை செய்தது. ஆனால் சீட்டு என்றாலே நம்மைக் கட்டுவதற்கு வந்தது என்ற எண்ணம் லயத்தில் தங்கிவிட்டது. என் அப்பாயி கடைக்காரன் கொடுக்கும் பற்றுச்சீட்டைக்கூடக் கையில் வாங்கமாட்டார். “நீயே வச்சுக்க” என்பார். என் அலுவலகத்துக்கு வந்த அந்த அம்மாவின் பயத்துக்கு நூறு வருடக் காரணம் இருக்கிறது.

இனிச் சட்டத்துக்கு வருவோம். இலங்கையில் ஒப்பந்தம் பற்றிய பொதுச் சட்டம் உரோமன் டச்சுச் சட்டம். ஆனால் தரைவழியே ஆளையும் பொருளையும் ஏற்றிச் செல்பவர் விடயத்தில் அப்படியில்லை. 1852ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் குடியியல் சட்டக் கட்டளைச் சட்டம், அதன் 3ஆம் பிரிவு, அந்த விடயத்தில் இங்கிலாந்தில் அதே காலத்தில் என்ன சட்டம் நடக்கிறதோ அதுவே இங்கும் நடக்கும் என்கிறது. நம் நாட்டுச் சட்டம் எதுவும் வேறுவிதமாகச் சொன்னாலொழிய. எனவே பசறை வளைவில் நடக்கும் ஒன்றுக்கு மான்செஸ்டர் தீர்ப்பைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது. அந்தத் தீர்ப்புகளை உங்களுக்குச் சொல்லத்தான் வேண்டும்.

முதலாவது, 1877இல் தீர்ப்பான வழக்கு. பார்க்கர் என்பவர் லண்டன் ரயில் நிலையமொன்றில் பையை ஒப்படைத்து 2 பென்ஸ் கொடுத்துச் சீட்டு வாங்கினார். பை தொலைந்தது. பையின் மதிப்பு 24 பவுணுக்கு மேல். சீட்டின் பின்பக்கத்தில், 10 பவுணுக்கு மேற்பட்ட பொருளுக்குப் பொறுப்பில்லை என்று அச்சிட்டிருந்தது. நீதிமன்றம் அப்போது வகுத்த விதிதான் இன்றுவரை அடித்தளம். சீட்டில் எழுத்து இருப்பதே தெரியாதவரை அந்த எழுத்து கட்டாது. நிபந்தனை இருக்கிறது என்று தெரிந்தவரை, வாசிக்காவிட்டாலும் கட்டும். எழுத்து இருப்பது தெரியும், நிபந்தனை என்று தெரியாது என்றால், கம்பனி அதைத் தெரியப்படுத்தப் போதிய முயற்சி எடுத்ததா என்று பார்க்க வேண்டும்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. 1894இல் பிரபுக்கள் சபை அதை மனிதத்தன்மையோடு பயன்படுத்தியது. பிலடெல்பியாவிலிருந்து லிவர்பூலுக்குக் கப்பலின் கீழ்த்தட்டில் வந்த ரௌன்ட்ரீ என்ற பெண்ணின் டிக்கட்டில் 100 டொலருக்கு மேல் பொறுப்பில்லை என்று பொடி எழுத்தில் போட்டு, அதன் மேலேயே சிவப்பு மையில் முத்திரை குத்தியிருந்தார்கள். கீழ்த்தட்டில் வருபவர்கள் எளிய சனங்கள், பலர் அதிகம் படிக்காதவர்கள் என்பதையும் நீதியரசர் ஒருவர் கணக்கில் எடுத்தார். நிபந்தனை அந்தப் பெண்ணைக் கட்டவில்லை.

அந்த நியாயத்தை அடுத்த தலைமுறை மறந்தது. தொம்சன் என்ற அம்மாவின் வழக்கு 1930ஆம் ஆண்டு வழக்கறிக்கைத் தொகுதியில் இருக்கிறது. டார்வன் என்ற ஊரிலிருந்து மான்செஸ்டருக்கு ஒருநாள் சுற்றுலா டிக்கட், விலை 2 சிலிங் 7 பென்ஸ். உறவினர் வாங்கிக் கொடுத்தார். திரும்பி வரும்போது ரயில் மேடையை விட நீளமாக இருந்ததால் அந்த அம்மா மேடையின் சரிவில் இறங்கி விழுந்தார். ஜூரிமார் 167 பவுண் நட்டஈடு என்றார்கள். ஆனால் டிக்கட்டில் “நிபந்தனைக்குப் பின்பக்கம் பார்க்க” என்றிருந்தது. பின்பக்கத்தில் “கம்பனியின் கால அட்டவணையைப் பார்க்க” என்றிருந்தது. அந்தக் கால அட்டவணைப் புத்தகத்தின் விலை 6 பென்ஸ். அதில் 552ஆம் பக்கத்தில், காயத்துக்குப் பொறுப்பில்லை என்றிருந்தது. தொம்சன் அம்மாவுக்கு எழுத வாசிக்கத் தெரியாது. அது அவருடைய பாடு, கம்பனி பொதுவாக எல்லோருக்கும் போதிய அறிவித்தல் கொடுத்துவிட்டது என்று நீதிமன்றம் அவரை ஒரு சதமும் இல்லாமல் அனுப்பியது.

இந்தத் தீர்ப்பை நான் சட்டக் கல்லூரியில் முதன்முதல் வாசித்தபோது தொம்சன் அம்மாவின் இடத்தில் என் அப்பாயியின் முகம்தான் தெரிந்தது. ஐம்பது பேர் ஏறும் பஸ்ஸில் நாற்பது பேருக்கு வாசிக்க முடியாத ஒன்றை “போதிய அறிவித்தல்” என்று சொல்வது தவறு. அன்றும் தவறு, இன்றும் தவறு.

நல்ல வேளையாக இங்கிலாந்துப் பாராளுமன்றமே அதைத் திருத்தத் தொடங்கியது. அதே 1930ஆம் ஆண்டின் வீதிப் போக்குவரத்துச் சட்டத்தில், பஸ்ஸில் ஏறும்போதோ இறங்கும்போதோ பயணம் செய்யும்போதோ பயணிக்கு ஏற்படும் மரணத்துக்கும் காயத்துக்கும் பொறுப்பைக் கழற்றிவிடும் எந்த ஒப்பந்தமும் செல்லாது என்று எழுதினார்கள். ரயிலுக்கு அது 1962இல்தான் வந்தது. 1977இல் எல்லாத் தொழிலுக்கும் பொதுவாக ஒரு சட்டம் வந்தது. அதை ஒட்டி நம் நாட்டுப் பாராளுமன்றம் 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்கச் சட்டத்தை இயற்றியது: நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகள் பற்றிய சட்டம்.

சட்டத்தரணிகள் கூட அதிகம் எடுத்துப் பேசாத சட்டம் அது. அதன் மையத்தை நான் எளிய தமிழில் சொல்கிறேன், மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தொழில் நடத்துபவரின் கவனயீனத்தால் ஓர் ஆள் இறந்தாலோ காயப்பட்டாலோ, அதற்கான பொறுப்பை டிக்கட்டில் எழுதியோ பலகையில் தொங்கவிட்டோ அவர் விலக்கவும் முடியாது, குறைக்கவும் முடியாது. எழுத்து பெரிதா சிறிதா, எந்த மொழி, வாசித்தீர்களா இல்லையா என்ற கேள்விகளே அங்கு எழாது. உங்கள் உயிருக்கும் கைகாலுக்கும் டிக்கட்டின் பின்பக்கத்தில் பூட்டுப் போட முடியாது.

பொருள் தொலைந்தால் கதை வேறு. அங்கு அந்த நிபந்தனை நியாயமானதா என்று நீதிமன்றம் பார்க்கும். கொழும்பிலிருந்து தீபாவளிக்கு வரும் பிள்ளை பஸ்ஸின் பின் பெட்டியில் போட்ட பை காணாமல் போனால், “பொதிகளுக்குப் பொறுப்பில்லை” என்ற வரியைத் தூக்கிக் காட்டுவார்கள். அதற்கும் பதில் இருக்கிறது. முதலாவது, ஒப்பந்தம் எப்போது ஆனது? லுணுகலைச் சந்தியில் பையைக் கொடுத்து ஏறி உட்கார்ந்தாயிற்று, பஸ் நாலு வளைவு தாண்டிய பிறகுதான் கொண்டக்டர் டிக்கட் கிழிக்கிறார். பேச்சு முடிந்த பிறகு நீட்டும் நிபந்தனை காலந்தாழ்ந்தது. 1940இல் கடற்கரை நாற்காலி வாடகைச் சீட்டு வழக்கிலும், 1949இல் ஹோட்டல் அறைக்குள் ஒட்டியிருந்த அறிவித்தல் வழக்கிலும், 1971இல் இயந்திரம் துப்பிய வாகனத் தரிப்பிடச் சீட்டு வழக்கிலும் இங்கிலாந்து நீதிமன்றம் இதையே சொன்னது. தினமும் அதே பஸ்ஸில் போகிறவரானால் உமக்கு முன்பே தெரியும் என்று எதிர்த்தரப்பு வாதாடும். அந்த வாதத்துக்கும் வலு இருக்கிறது, மறைக்க மாட்டேன்.

இரண்டாவது, மொழி. இது நமக்கு மிகவும் வேண்டிய இடம். 1970இல் இங்கிலாந்தில் ஒரு வழக்கு: காரில் ஏறிய ஜெர்மன் பெண்ணுக்கு ஆங்கிலம் தெரியாது என்று சாரதிக்குத் தெரியும். காருக்குள் ஆங்கிலத்தில் ஒட்டியிருந்த அறிவித்தல் அவரைக் கட்டாது என்று தீர்ப்பானது. தமிழ்ச் சனமே நிரம்பிய வழித்தடத்தில் சிங்களத்தில் மட்டும் அச்சிட்ட நிபந்தனையை இந்தத் தீர்ப்போடு சேர்த்துப் பாருங்கள். தமிழும் இந்த நாட்டின் ஆட்சிமொழி. நம் வழித்தடத்தில் யார் ஏறுகிறார்கள் என்று பஸ்காரருக்குத் தெரியாதா?

நிபந்தனை நியாயமானதா என்ற கேள்விக்குச் சென்னையிலும் ஒரு வழக்கு உண்டு. லில்லி வைட் என்ற சலவைக்கடையில் முனுசாமி என்பவர் போட்ட புதுச் சேலை தொலைந்தது. பொருள் தொலைந்தால் மதிப்பில் நூற்றுக்கு 15 மட்டும் கொடுப்போம் என்று பற்றுச்சீட்டில் இருந்தது. அப்படியொரு நிபந்தனை நின்றால் கடைக்காரர் நல்ல சேலையையெல்லாம் 15 வீதத்துக்கு வாங்கிக்கொள்ளலாமே என்ற நியாயத்தில், அது பொதுநலனுக்கு விரோதமானது என்று சென்னை உயர் நீதிமன்றம் தள்ளியது. 1966ஆம் ஆண்டுத் தொகுதியில் இருக்கிறது. நம் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது, வாதத்துக்கு எடுத்துக்காட்டலாம்.

விமானத்தில் வெளிநாடு போகும் நம் பெண்களுக்காகவும் ஒன்று சொல்ல வேண்டும். 1929ஆம் ஆண்டின் வார்சோ உடன்படிக்கை பயணி ஒருவரின் உயிருக்கு 1,25,000 பொன் பிராங்கு என்று உச்சவரம்பு போட்டது. அந்த வரம்பைப் பயணிக்கு அறிவிக்கும் எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்றே உலகம் வழக்காடியது. 1966இல் அமெரிக்காவோடு தொடர்புள்ள பயணங்களுக்கு 10 புள்ளி அளவு எழுத்து வேண்டும் என்று விமானக் கம்பனிகள் உடன்பட்டன. 1983இல் சுட்டு வீழ்த்தப்பட்ட கொரிய விமானத்தின் டிக்கட்டில் 8 புள்ளி எழுத்துத்தான் இருந்தது. அதற்காக உச்சவரம்பு நீங்காது என்று 1989இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1974 டிசம்பர் 4ஆம் திகதி நம் மலைநாட்டிலேயே, நோர்ட்டன் பிரிட்ஜ் பக்கம் ஏழு கன்னி மலையில் ஹஜ் பயணிகளோடு வந்த விமானம் மோதி 191 பேர் இறந்தார்கள். முதலில் ஓடிப்போய்ப் பார்த்தவர்களில் தோட்டத்துச் சனங்கள் இருந்தார்கள். அது வார்சோக் காலம். இன்று இலங்கையும் சேர்ந்திருக்கும் 1999ஆம் ஆண்டின் மொன்றியல் உடன்படிக்கையின்படி, 2024 டிசம்பர் 28 முதல், நிரூபிக்கப்பட்ட இழப்பில் 1,51,880 சிறப்பு எடுப்பனவு உரிமை (சர்வதேசக் கணக்கு அலகு) வரை, தன் பிழையில்லை என்று சொல்லி விமானக் கம்பனி தப்ப முடியாது. அதைக் குறைத்து டிக்கட்டில் எழுதினால் அந்த எழுத்து செல்லாது.

இப்போது இந்த ஊரின் காயத்துக்கு வருகிறேன். 2021 மார்ச் 20, சனிக்கிழமை. லுணுகலையிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்ட தனியார் பஸ் காலையில் பசறைக்கு முன்னால் 13ஆம் கட்டையில் பள்ளத்தில் விழுந்தது. 14 பேருக்குக் குறையாமல் இறந்தார்கள், 30 பேருக்கு மேல் காயம். வீதியில் சரிந்து விழுந்த பாறையால் பாதை ஒடுங்கியிருந்த இடத்தில், எதிரே வந்த டிப்பர் லொறிக்கு இடம் விடும்போது அது நடந்தது. இந்த மண்டபத்தில் அன்று யாரையாவது இழந்தவர்கள் இருப்பீர்கள். உங்கள் முன் நின்று சட்டம் பேசுவதற்கே எனக்குத் தயக்கமாக இருக்கிறது. 2025 மே மாதம் கொத்மலை கெரண்டிஎல்லவில் 23 பேர், அதே ஆண்டு செப்டெம்பரில் எல்ல–வெல்லவாய வீதியில் 15 பேர். மலையில் ஓடும் பஸ்ஸில் ஏறுபவர் யாருக்கும் இது அடுத்தவர் கதை இல்லை.

இப்படியொரு விபத்தில் சட்டம் கேட்கும் கேள்வி டிக்கட்டின் பின்பக்கத்தில் இல்லை. பொருளை ஏற்றிச் செல்பவர் ஏறக்குறைய எல்லா இழப்புக்கும் பொறுப்பு; ஆளை ஏற்றிச் செல்பவர் தன் தரப்பில் கவனயீனம் இருந்தால் மட்டுமே பொறுப்பு. 1869 முதல் இங்கிலாந்துச் சட்டம் இதுதான். எனவே யாருடைய கவனயீனம், சாரதியா, உரிமையாளரா, பாறையை அகற்றாமல் விட்டவரா, எதிரே வந்தவரா என்பதை நிரூபிக்க வேண்டும். அதற்குச் சாட்சி வேண்டும், பொலிஸ் அறிக்கை வேண்டும், வைத்திய அறிக்கை வேண்டும், அந்த பஸ்ஸில் இருந்தேன் என்பதைக் காட்ட ஏதாவது வேண்டும்.

இங்கேதான் அந்த இளஞ்சிவப்புத் துண்டின் முன்பக்கம் வேலைக்கு வருகிறது. திகதி, இலக்கம், ஏறிய இடம், கொடுத்த காசு. நம் பக்கத்துத் தனியார் பஸ்களில் பலதடவை டிக்கட்டே கொடுப்பதில்லை, நாமும் கேட்பதில்லை. டிக்கட் இல்லாததால் உரிமை போய்விடும் என்று எண்ண வேண்டாம். ரயில் விபத்தில் இறந்தவரிடம் டிக்கட் கிடைக்காததை மட்டும் வைத்து அவர் முறையான பயணி அல்ல என்று சொல்லிவிட முடியாது என இந்திய உச்ச நீதிமன்றம் 2018இல் ரீனா தேவி வழக்கில் தீர்த்திருக்கிறது. இருந்தாலும் கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

என் அனுபவத்தில் நம் சனத்தை உண்மையில் கட்டிப்போடும் எழுத்து வேறொன்று. விபத்து நடந்து இரண்டு மூன்று நாளில், வைத்தியசாலைக் கட்டிலருகிலோ சாவு வீட்டுத் திண்ணையிலோ ஒருவர் காகிதத்தோடு வருவார். கையில் கொஞ்சம் காசும் இருக்கும். செலவுக்குத் தவிக்கும் நேரம். கைநாட்டு வாங்கிக்கொண்டு போய்விடுவார். அந்தக் காகிதத்தில் இது முழுமையான இறுதித் தீர்வு, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று எழுதியிருக்கும். டிக்கட்டில் எழுதினால் செல்லாத அதே விலக்கு, நடந்து முடிந்த பிறகு நீங்களே ஒப்பமிட்ட சமாதானமாக வந்தால் 1997ஆம் ஆண்டுச் சட்டம் அதற்குக் காவல் நிற்காது என்பதே என் கருத்து. வாசித்துக் காட்டாமல், விளங்கப்படுத்தாமல் வாங்கிய ஒப்பம் என்று பிறகு வாதாடலாம், நானும் வாதாடியிருக்கிறேன். ஆனால் அது மேட்டில் ஏறும் வழக்கு.

பஸ் நடத்துவோருக்கும் ஒரு வார்த்தை. நீங்களும் இந்த ஊர்க்காரர்கள், உங்கள் பிள்ளைகளும் அதே வளைவுகளில்தான் போகிறார்கள். டிக்கட்டைக் கொடுங்கள், தமிழிலும் அச்சிடுங்கள், செல்லாத மிரட்டலை அதிலிருந்து எடுத்துவிடுங்கள். பாடசாலை ஆசிரியர்கள் ஒரு பாடவேளையில் பிள்ளைகளுக்கு ஒரு டிக்கட்டையும் ஒரு பற்றுச்சீட்டையும் வாசிக்கச் சொல்லிக் கொடுத்தால் அந்தப் பிள்ளை வீட்டில் ஆறு பேருக்கு வாசித்துச் சொல்லும்.

டிக்கட்டோடு என் அலுவலகத்துக்கு வந்த அந்த அம்மாவின் வழக்கைப் பற்றிக் கேட்பீர்கள். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி இப்படியான இழப்புக்கு 2 ஆண்டுக்குள் வழக்குத் தொடர வேண்டும். நாங்கள் உரிய காலத்துக்குள் பதுளை மாவட்ட நீதிமன்றத்தில் தாக்கல் செய்தோம். அந்த டிக்கட்டை முதல் ஆவணமாக வைத்தோம்.

உங்களிடம் நான் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான். பஸ்ஸில் ஏறினால் டிக்கட்டைக் கேட்டு வாங்குங்கள், வீடு சேரும்வரை வைத்திருங்கள். ஏதாவது நடந்துவிட்டால் 2 ஆண்டுக் கணக்கை அன்றிலிருந்தே எண்ணுங்கள். யார் காகிதம் நீட்டினாலும் தமிழில் வாசித்துச் சொல்லச் சொல்லுங்கள். சொல்லும்வரை விரலை மையில் தொடாதீர்கள்.